வவுச்சர் இல்லாத செய்தி

'செல்போன்: வரமா, சாபமா?'

இந்தத் தலைப்பில் பட்டிமன்றம் நடக்காத ஊர் உண்டா? பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒன்று. இரண்டு அணியும் வெளுத்து வாங்கும். கடைசியில் நடுவர் எழுந்து, கத்தியை வைத்துக் காயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம் என்று சொல்லிவிட்டு, பொன்னாடையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எனக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில்தான் இருக்கிறது என்பது எதைப் பற்றியும் சொல்லக்கூடிய வசனம். நன்மை எங்கே முடிகிறது, தீமை எங்கே ஆரம்பிக்கிறது? அந்தக் கோட்டைக் காட்ட வேண்டாமா?

கோட்டைப் பார்க்க மதுக்கரைக்கு வாருங்கள்.

கோவையிலிருந்து பாலக்காடு போகிற வழியில், சிமென்ட் ஆலைக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டினால் எட்டிமடை, வாளையாறு. அங்கே ரயில் பாதை யானைக் காட்டை ஊடுருவிப் போகிறது. 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் ஒரு ராத்திரி, ரயில் மோதி மூன்று யானைகள் ஒரேயடியாகச் செத்தன.

2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை 7.24 கோடி ரூபாய் செலவில் இங்கே ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. 12 கோபுரங்கள். இருட்டிலும் உடம்புச் சூட்டை வைத்து உருவத்தைக் காட்டும் கேமராக்கள். வருவது யானையா, மாடா என்று பிரித்துப் பார்க்க செயற்கை நுண்ணறிவு. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து வனத்துறை ஆட்களுக்கும் ரயில்வேக்கும் தகவல் பறக்கும்.

எல்லோரும் கேமராவைத்தான் வியக்கிறோம். நான் பார்க்கச் சொல்வது தகவல் போய்ச் சேரும் இடத்தை. அங்கே ரயில் வேகத்தைக் குறைக்க ஒருவர் இருக்கிறார். யானையைக் காட்டுக்குள் திருப்பிவிட இன்னொருவர் இருக்கிறார். அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், வாங்கியதும் என்ன செய்ய வேண்டும்... மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

இதற்குக் கோடிகள்கூட கட்டாயம் இல்லை. இதே மாவட்டத்தில், வால்பாறை எஸ்டேட்டுகளில் பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவர்கள் யானை நிற்பது தெரியாமல் எதிரே போய் மாட்டிக்கொள்வார்கள். ஆனந்தகுமாரும் அவருடைய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் நண்பர்களும் முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் யானை இருக்கும் இடத்தை ஓடவிட்டார்கள். பிறகு எஸ்.எம்.எஸ். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. வழியில் கம்பம் நட்டு, செல்போன் மூலமாகவே எரியவைக்கும் சிவப்பு விளக்கு. 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. ஸ்மார்ட்போனே தேவைப்படாத வேலை இது. பட்டன் போன் போதும்!

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் பதிவைக் காட்டினாலும் 'வவுச்சர் எங்கே?' என்பான். யார் கொடுத்தது, யார் வாங்கியது, யார் கையெழுத்து? இந்த மூன்றும் இல்லையென்றால் அது ஒரு ரூபாயாக இருந்தாலும் கணக்கில் ஏறாது. வால்பாறைச் செய்திக்கு வவுச்சர் இருக்கிறது. நம் போனில் காலையிலிருந்து வந்து விழுகிறவற்றில் எத்தனைக்கு இருக்கிறது?

விளைவைப் பாருங்கள். 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி. சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடப் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் காரை நிறுத்தியிருக்கிறது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் காரில் வந்த பாட்டி. வயது 65. கும்பல் அடித்தே கொன்றுவிட்டது. அந்த வதந்தியை முதலில் எழுதியவர் என்று யாரும் அங்கே நிற்கவில்லை. அனுப்பியவர்கள் எல்லோரும் 'எனக்கு வந்தது, அனுப்பினேன்' ரகம்.

2023 மார்ச். தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. அதில் ஒன்று வட மாநிலத்தவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு விளக்க வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவே புறப்பட்டு வந்து திருப்பூரிலும் கோவையிலும் விசாரித்தது. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களோடு, பயந்து கிளம்பியவர்களும் ரயில் ஏறினார்கள். கொங்கு நாட்டின் பனியன் கம்பெனிகளும் ஃபவுண்டரிகளும் அவர்கள் கையை நம்பித்தான் ஓடுகின்றன.

'அதான் ஃபார்வர்டுக்கு லிமிட் வச்சுட்டாங்களே சார்?' என்பீர்கள். வைத்தார்கள். 2018இல் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேர் என்றது வாட்ஸ்அப். அது வேகத்தடை. கையெழுத்து கேட்கவில்லையே!

ஆபீஸுக்கு வருவோம். ராத்திரி பத்தரை மணிக்கு நாற்பது பேர் இருக்கும் குரூப்பில் மேனேஜர் ஒரு வரி போடுகிறார்: 'இதை யாராவது கொஞ்சம் பாருங்க.' யாராவது என்றால் யார்? நாற்பது பேருக்கும் தூக்கம் போகும், வேலையை ஒருத்தரும் தொடமாட்டார்கள். மறுநாள் காலையில் நாற்பது பேருக்கும் திட்டு. வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் அழைப்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலேயே சட்டத்தில் கொண்டுவந்தது. 2018இல் சுப்ரியா சுலே நம் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. சட்டம் வருகிறபோது வரட்டும். 'செல்வி, நாளை 11 மணிக்குள் இதை முடிங்க' என்று பகலிலேயே பெயர் சொல்லி எழுத எந்தச் சட்டமும் தேவையில்லை. மற்ற 39 பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஆக, என் கோடு இதுதான். ஆள் பொறுப்பேற்று அனுப்பி, செய்ய வேண்டிய ஆளிடம் போய்ச் சேருகிற செய்தி உயிரைக் காக்கும். யாருடையதும் இல்லாமல் எல்லோருக்கும் போகிற செய்தி, நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும், எங்கோ ஒரு தெருவில் ஆபத்தாக முடியலாம். போன் புதுசா பழசா என்பது இதில் கணக்கே இல்லை.

உங்கள் குடும்பக் குரூப்பிலும் ஒரு மாமா இருப்பார். 'அவசரம், எல்லோருக்கும் அனுப்பவும்' என்று எதையாவது தட்டிவிடுவார். 'மாமா, இது யார் சொன்னதுங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கோபித்துக்கொள்வார். இரண்டு நாள் பேசமாட்டார். அடுத்த கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் செய்துகொள்ளலாம். அத்திமூரில் செத்துப்போன பாட்டியிடம் யாராலும் இனி சமாதானம் பேச முடியாது.