மணி அடித்த பிறகு வரும் வலி

கடைசி ரேடியேஷன் முடிந்த அன்று நோயாளியை மணி அடிக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டது. நர்ஸுகள் வரிசையாக நின்று கை தட்டுகிறார்கள், வீட்டார் செல்போனில் படம் பிடிக்கிறார்கள், சில இடங்களில் கேக்கும் உண்டு. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்தால், மணி அடித்த பெண்கள் ரோஸ் நிறப் புடவையில் மேடையேற்றப்படுகிறார்கள். இதைப் பற்றி யாராவது லேசாக முகம் சுளித்தால்கூட ஒரு பதில் தயாராக இருக்கிறது: ‘பாவம், எவ்வளவு பட்டிருக்காங்க, ஒரு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே! நம்பிக்கைதானே பாதி மருந்து?’ ஆண்டுதோறும் இணைப்பிதழ்களில் இந்தப் பதிலை வேறு வேறு பெயர்களில் படித்துவருகிறேன். அந்த மீதிப் பாதி மருந்து எங்கே என்பதுதான் என் கேள்வி.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ஒரு தலைமுறைக்கு முன்பு மார்பில் கட்டி என்றால் பெண்கள் புருஷனிடம்கூடச் சொல்லமாட்டார்கள். புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இன்று அந்தக் கூச்சம் பெருமளவு போயிருக்கிறது என்றால் அதில் அக்டோபர் ஆரவாரத்துக்குப் பங்கு உண்டு. நோய் வந்தால் சாவுதான் என்ற எண்ணத்தை, பத்து வருடம் கழித்தும் மேடையில் நிற்கும் ஒருத்தி உடைத்த அளவுக்கு எந்தத் துண்டுப் பிரசுரமும் உடைக்கவில்லை. முடி கொட்டிய பெண்ணுக்கு, அதைக் கடந்து வந்த இன்னொரு பெண்ணின் பேச்சுத் துணை கிடைப்பதும் சின்ன விஷயமில்லை. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில் இதில் எதுவும் இல்லை.

சரி, மணிக்கு வருவோம். அது 1996இல் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் தொடங்கியது. இர்வ் லெ மோயின் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி தன் ரேடியேஷன் முடிந்ததும் ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து அடித்துவிட்டு அங்கேயே விட்டுச் சென்றார். எடுத்த வேலை முடிந்தால் மணி அடிப்பது கடற்படைப் பழக்கம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோயில் அந்த நாளில் என்ன முடிந்திருக்கிறது? ரேடியேஷனால் தோல் வெந்துபோவது, சிகிச்சை நின்ற பிறகு வரும் ஓரிரு வாரங்களில்தான் உச்சத்துக்குப் போகும். பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றிய பெண்களில் சிலருக்கு விரல் நுனி எரிச்சலும் மதமதப்பும் மருந்தை நிறுத்திய பிறகும் கூடிக்கொண்டே போகும். ஹார்மோன் மாத்திரை பெரும்பாலும் அதன் பிறகுதான் தொடங்கும். ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். மணி அடித்து வழியனுப்பப்படும் பெண், வலியின் வாசலில் நிற்கிறாள். ‘முடிந்தது’ என்று கைதட்டிச் சொன்ன அதே இடத்துக்குத் திரும்பிப் போய் ‘இன்னும் வலிக்கிறது’ என்று எப்படிச் சொல்வாள்?

மணியின் பயன் பற்றியே சந்தேகம் உண்டு. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மணி அடித்தவர்கள் அடிக்காதவர்களைவிடத் தங்கள் சிகிச்சைக் காலத்தை அதிகத் துன்பமானதாக நினைவுகூர்ந்தார்கள். உணர்ச்சி பொங்கும் நேரத்தில் மனத்தில் பதிவது அழுத்தமாகப் பதிந்துவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஓர் ஆய்வு. என் குறை வேறு. இந்த வெற்றிக்கதையில் சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கு இடமே இல்லை. இடமில்லாததால் அது கேட்கப்படுவதில்லை, எழுதப்படுவதில்லை, எழுதப்படாததற்கு மருந்தும் இல்லை.

அந்த வலி எவ்வளவு பரவலானது என்பது தெரியாத ரகசியம் அல்ல. டென்மார்க்கில் 2005, 2006 ஆண்டுகளில் மார்பக அறுவை செய்துகொண்ட பெண்களிடம் இரண்டு மூன்று வருடம் கழித்துக் கேட்டார்கள். பதில் சொன்ன 3,253 பேரில் 47 சதவீதம் பேருக்கு அப்போதும் வலி இருந்தது. அவர்களில் சரிபாதிக்கு மேற்பட்டோருக்கு அது மிதமானதாகவோ கடுமையானதாகவோ இருந்தது. 2009இல் ஜாமா இதழில் வந்த ஆய்வு இது. இளவயதில் நோய் வருவது, அக்குளில் உள்ள நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) மொத்தமாக எடுப்பது, ரேடியேஷன் கொடுப்பது ஆகிய மூன்றும் வலியோடு சேர்ந்து நின்றன. நம் பெண்களுக்கு நோய் மேலை நாட்டாரைவிடச் சுமார் பத்து வயது முன்னதாகவே கண்டறியப்படுகிறது. கட்டி பெரிதான பிறகு வருபவர்கள் அதிகம் என்பதால் அக்குள் நெறிகளை மொத்தமாக எடுப்பதும் அதிகம். டென்மார்க்கைவிட இங்கே வலி குறைவாக இருக்க எந்தக் காரணமும் இல்லை.

உறவுக்காரச் சித்தி ஒருவருக்குத் துணையாக மறுபரிசோதனைக்குப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது பக்கத்திலிருந்த அம்மாவிடம் சித்தி சொன்னார்: ‘ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலக்கா. ஜாக்கெட் கை பட்டாலே மொளகா தேச்ச மாதிரி காந்துது.’ அந்த அம்மா உடனே, ‘எனக்கு மேல தொட்டா ஒண்ணும் தெரியல, மதமதன்னு கெடக்கு. உள்ளுக்குள்ள மட்டும் சுருக்கு சுருக்குன்னு இழுக்கும்’ என்றார். இருவரும் அரைமணி நேரம் துல்லியமாகப் பேசினார்கள்: எந்த விரல், எந்த நேரம், மழைநாளில் எப்படி, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் எப்படி. உள்ளே கூப்பிட்டார்கள். ‘என்னம்மா, நல்லா இருக்கீங்களா?’ ‘நல்லா இருக்கேன் டாக்டர்.’ தழும்பைப் பார்த்தார், கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்தார், ‘எல்லாம் கிளியர், தைரியமா இருங்க’ என்றார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘உசுரக் காப்பாத்திக் குடுத்த மனுஷன்கிட்ட போயி கை காந்துதுன்னு சொல்றதா? நாக்கூசும் தம்பி.’

அந்த டாக்டர் கெட்டவர் அல்ல. வெளியே இன்னும் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தேடியது நோய் திரும்பி வந்திருக்கிறதா என்பதை. அது இல்லையென்றால் அவர் கணக்கில் நல்ல செய்தி. அந்த அறையில் தைரியம் என்ற சொல் மருந்துச்சீட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதுதான் என் புகார்.

பெஞ்சில் பேசப்பட்டது வெறும் புலம்பல் அல்ல. அதில் பாதி நோயறிதல் இருந்தது. விலா எலும்புகளுக்கிடையிலிருந்து கிளம்பி, அக்குளைக் குறுக்கே கடந்து, மேற்கையின் உட்புறத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று உண்டு. நெறிகளை எடுக்கும்போது அது அறுபடும் அல்லது இழுபடும். ஜாக்கெட் கை பட்டால் காந்துவது அந்த நரம்பின் வேலை. காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் முழங்காலில் குடைச்சல் எடுத்தால், லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகளைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றை விழுங்குவோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மூட்டுவலி வருகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கைவரை நாண் போல ஒன்று புடைத்து இழுத்தால் அது வேறு கதை, பிசியோதெரபியில் சரியாகக்கூடியது. எடுத்துவிட்ட மார்பின் காம்பு அரிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்படும் பெண்ணும் உண்டு. ‘பைத்தியம்னு நெனப்பாங்க’ என்று பயப்படுவாள். அது பைத்தியமல்ல, காலை இழந்தவருக்குக் கால் வலிப்பதைப் போல மருத்துவம் நன்றாக அறிந்த வலி. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு: நரம்பு எரிச்சலுக்கு கபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், விரல் நுனி எரிச்சலுக்கு டுலாக்செடின், மாத்திரை தரும் மூட்டுவலிக்கு ஒழுங்கான உடற்பயிற்சி, முடியாதபோது மாத்திரையையே மாற்றுவது. டமாக்சிபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவருக்கு, மனச்சோர்வு மருந்துகளான பராக்செடின், ஃப்ளூவாக்செடின் கொடுத்தால் டமாக்சிபெனின் வேலையே கெடும் என்பதும் இதில் கவனிக்க வேண்டியது. ஆகவே தெருமுனை மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சமாளிக்கும் சமாச்சாரமும் அல்ல. வலி முழுவதும் போகும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. பத்தில் எட்டாக இருப்பது நாலாகும். அந்த நாலில் ஒருத்தி தூங்குவாள்.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. மனநிலைக்கும் வலிக்கும் தொடர்பு உண்டு. பதற்றமும் தூக்கமின்மையும் இருப்பவர்களுக்கு அறுவைக்குப் பின் வலி தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். வலியையே நினைத்து மருகுவது வலியைப் பெருக்கும். அதற்கான மனப்பயிற்சிகள் ஓரளவு பலன் தருகின்றன. எல்லாம் சரி. ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து, வலி நிஜம் என்று ஒப்புக்கொண்டு, வாரக்கணக்கில் கற்றுத்தருவது ஒன்று. மைக்கைப் பிடித்து ‘நீ சிங்கப்பெண், உன்னால் முடியும்’ என்று கூவுவது வேறு. முன்னது வலியிலிருந்து தொடங்குகிறது. பின்னது வலியைச் சொன்னவளின் குணத்தில் குறை காண்கிறது. மனத்தெம்பு இருந்தால் வலிக்காது என்றால், வலிப்பவளுக்குத் தெம்பில்லை என்றுதானே பொருள்? அவள் மாமியார் அப்படித்தான் புரிந்துகொள்கிறார். ‘டிவியில வந்த அந்தப் பொண்ணு மாரத்தான் ஓடுது, நீ என்னடான்னா இட்லிக் குண்டா தூக்க மாட்டேங்கற’ என்பது என் கற்பனை வசனம் அல்ல.

இந்த உற்சாகம் யாருடைய வசதிக்கானது என்ற கேள்வி பழையது. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லோர்ட் 1980இல் வெளியிட்ட புற்றுநோய்க் குறிப்புகளில் ஒரு சம்பவம் சொல்கிறார். மார்பகத்தை எடுத்த பின், செயற்கை மார்பு வைக்காமல் டாக்டரைப் பார்க்கப் போகிறார். இப்படி வந்தால் இங்கிருக்கும் மற்றவர்களின் மனம் தளர்ந்துவிடும் என்று நர்ஸ் கடிந்துகொள்கிறார். புற்றுநோய் மருத்துவரின் அறையில்! அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் 2001இல் ஹார்ப்பர்ஸ் இதழில் இந்த ரோஸ் நிறப் பண்பாட்டைக் கிழித்துத் தொங்கவிட்டபோதும் இதே எதிர்ப்புதான்: கோபப்படாதே, உன் கோபம் உன்னையே கெடுக்கும். எரன்ரைக் அதைச் சந்தையின் சதியாகப் பார்த்தார். எனக்கு அந்த அளவு போகத் தேவையில்லை. ஆனாலும் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அக்டோபர் மாத விழிப்புணர்வை 1985இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தோடு சேர்ந்து தொடங்கியது ஐசிஐ நிறுவனத்தின் மருந்துப் பிரிவு. டமாக்சிபெனைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அனாஸ்ட்ரோசோல் வந்ததும் அதே வழித்தோன்றல் கம்பெனியிலிருந்துதான். உயிர் காக்கும் மருந்துகள் என்பதில் சந்தேகமில்லை. அவற்றின் மூட்டுவலிக்கு மேடையில் நாற்காலி போடப்படவில்லை என்பதிலும் சந்தேகமில்லை.

மேடையில் வலிக்கு இடமில்லாமல் போனதன் விலை, தூக்கம் கெடுவதோடு நிற்பதில்லை. மூட்டுவலி தாங்காமல் பெண்கள் ஹார்மோன் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துபவர்கள் கொஞ்சம். ‘சாப்பிடறேன் டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டே நிறுத்துபவர்கள் நிறைய. பாதியில் நிறுத்துபவர்களிடையே இறப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலியைக் கேட்டிருந்தால் மாத்திரையை மாற்றியிருக்கலாம். உற்சாகம் உயிரைக் காக்கிறது என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தைரியசாலி என்று பட்டம் சூட்டப்பட்டவள் வலியைச் சொல்லமாட்டாள். சொல்லாதவள் மாத்திரையை டப்பாவிலேயே வைத்துவிடுவாள். காப்பீட்டுத் திட்டங்களில் அறுவைக்குப் பணம் உண்டு, கீமோவுக்கு உண்டு, ‘கரண்டு வைப்பது’ என்று ஊரில் சொல்லும் ரேடியேஷனுக்கும் உண்டு. மூன்றாம் வருடத் தோள்பட்டைப் பிடிப்புக்காக வாரம் இருமுறை ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் செலவும், போன நாளில் இழந்த கூலியும் அவளுடையவை.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது, அதை மதிக்கிறேன். வலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசினால், ஏற்கெனவே பயந்து கட்டியை மறைக்கும் பெண்கள் சிகிச்சைக்கே வரமாட்டார்கள் என்கிறார்கள். கிராமத்துப் பெண்களிடையே வேலை செய்பவர்கள் சொல்வதால் தள்ளிவிட முடியாது. ஆனால் யாரிடமிருந்து எதை மறைக்கிறோம்? சிகிச்சை முடித்தவள் அதே தெருவில்தான் இருக்கிறாள். குழாயடியில் குடத்தைக் கை மாற்றுவதையும், வீங்கிய கையில் வளையலைக் கழற்றிவிட்டதையும், பின்னல் போட மகளைக் கூப்பிடுவதையும் தெரு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மேடையில் யாரும் சொல்லாததால் தெருவே காரணம் கண்டுபிடிக்கிறது: ‘கத்தி வெச்சா பரவிடும், கரண்டு வெச்சா கை போயிடும்.’ அடுத்தவள் பச்சிலைக்காரரிடம் போகிறாள். அறுவைக்கு முந்தின நாளே ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இந்த இடத்தில் வலி தங்கலாம், இன்ன மாதிரி காந்தும், காந்தினால் இந்த அறைக்கு வா, மாத்திரையைத் தானாக நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பியிருந்தால், குழாயடியில் அதைத்தான் அவளும் சொல்லியிருப்பாள்.