பழம்பொருளின் இரண்டாம் உத்தியோகம்

வெள்ளிக்கிழமை காலையில் மறைமலை நகர் ரயில் நிலையத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி, காட்டாங்கொளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து, தாம்பரத்தில் கூட்டம் சற்றுக் குறைந்தபின் ஜன்னலோரத்தில் ஓரிடம் பிடித்து, பல்லாவரத்தில் இறங்குகிற ஒருவர், கையில் சாக்குப் பையும், சட்டைப் பையில் சிறு காந்தமும், அவசரமே இல்லாத மனமும் உடையவராக இருப்பாரானால், அவர் எங்கே போகிறார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அவர் போவது பல்லாவரம் சந்தைக்குத்தான்.

பழைய டிரங்க் ரோட்டில் வாரந்தோறும் கூடும் அச்சந்தையில் செடிகள் உண்டு. கூண்டுப் புறாக்கள் உண்டு. தொட்டியில் வண்ண மீன்கள் உண்டு. அவற்றையெல்லாம் கடந்து போனால், தரையில் விரித்த தார்ப்பாயின்மேல், முள் நின்றுபோன கடிகாரம், உறையிழந்த இசைத்தட்டு, மூடியில்லாத கூஜா, விரலால் சுழற்றும் கறுப்புத் தொலைபேசி, யார் வீட்டுக் கதவிலோ நெடுநாள் இருந்த பித்தளைக் குமிழ் என்று, ஓரிடத்தில் வேலை போய் வேறிடத்தில் வேலை தேடும் பொருள்கள் வரிசையாகக் காத்திருக்கும். 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்ட ஃபோர்டு தொழிற்சாலையின் மதிற்சுவரைத் தினந்தோறும் பார்த்துப் பழகிய எங்கள் மறைமலை நகர் ஊராருக்கு, உத்தியோகம் இழந்து நிற்பது இன்னதென்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைவாசிகளுக்கு இத்தகைய ரசனையைப் பயிற்றுவித்த பழைய பாடசாலை மூர் மார்க்கெட். 1900-இல் எழுந்து 1985-இல் தீக்கிரையான அந்தச் செங்கல் மாளிகையில், ஒரு ரூபாய்க்குப் புத்தகமும் அரை மணி நேர வாக்குவாதமும் சேர்த்து வாங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கட்டடம் போயிற்று, வித்தை போகவில்லை. பழைய சாமான்களைக் கொண்டு, சொற்பச் செலவில், இல்லத்தை அழகுசெய்யும் அந்த வித்தையின் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு பொருள் என்ன வேலை செய்தது என்பதை அதன் உடம்பிலேயே வாசிக்கக் கற்றுக்கொண்டு, அந்த எழுத்து அழியாதபடி அதற்கு இரண்டாவது உத்தியோகம் ஒன்றைத் தேடிக்கொடுப்பது.

முதலில் கை, பிறகு கண்

சில ஆண்டுகளுக்கு முன் அச்சந்தையில் நான் ஒரு படி வாங்கினேன். இரும்புத் தகட்டால் ஆன உடம்பு. வாயைச் சுற்றிப் பித்தளைப் பட்டை. கண்ணுக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. வாய் விளிம்பை விரலால் தடவியபோதுதான், ஒரு பக்கத்தில் மாத்திரம் பட்டை தேய்ந்து, கூழாங்கல்லைப் போல் வழவழப்பாக இருப்பது தெரிந்தது. ஏன் ஒரு பக்கம் மாத்திரம்? அரிசியைத் தலைதட்டி அளப்பவர், உள்ளங்கையை விளிம்பின்மேல் வைத்து ஒரே திசையில் வழிப்பார். கை சென்று முடியும் பக்கமே அதிகம் தேயும். எத்தனை ஆயிரம் முறை ஒரு கை அப்படிச் சென்று முடிந்திருந்தால் பித்தளை இவ்வளவு இளகியிருக்கும் என்று எண்ணியபோது, அந்தப் படியை நான் கீழே வைக்கவில்லை.

எடைகளையும் அளவைகளையும் ஒழுங்குபடுத்தி 1956-இல் இயற்றப்பட்ட சட்டம், அடுத்த சில வருஷங்களில் லிட்டரையும் கிலோகிராமையும் கடைவீதிக்குக் கொண்டுவந்து, படியையும் மரக்காலையும் சேரையும் வீசையையும் வேலையிலிருந்து நீக்கியது. 8 படி ஒரு மரக்கால் என்ற வாய்பாடு பாட்டிமாரின் வாயோடு நின்றுவிட்டது. ஆகவே ஒரு படியைக் கையில் எடுப்பவர், குற்றமேதும் செய்யாமல் பதவி இழந்த ஓர் உத்தியோகஸ்தரின் கையைப் பற்றுகிறார் என்றே சொல்லலாம்.

எந்தப் பழம்பொருளையும் இவ்வாறு முதலில் ஸ்பரிசித்துப் பார்க்க வேண்டும். நாற்காலியின் கைப்பிடி எங்கே தேய்ந்திருக்கிறது, குடத்தின் இடுப்பு எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, பெட்டியின் பூட்டைச் சுற்றிச் சாவி கீறிய வடுக்கள் எத்தனை என்று பாருங்கள். இயல்பாகத் தேய்ந்த பொருள், கை படும் இடத்தில் மாத்திரம் தேய்ந்திருக்கும். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்து, மூலைமுடுக்கெல்லாம் ஒரே அழுக்கோடு இருப்பது, பழமையை வேஷமாகப் போட்டுக்கொண்ட புதுப்பொருள் என்று அறிக.

மரம், உலோகம், படம்

மரச்சாமானை முன்பக்கத்திலிருந்து பார்ப்பது வீண்; முன்பக்கம் விருந்தாளிக்காக ஒப்பனை செய்யப்பட்டது. இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து, அதன் பின்புறத்தையும் அடிப்பலகையையும் பாருங்கள். கழுந்தும் துளையும் சேர்த்துத் தச்சர் இணைத்த வேலையா, ஆணியடித்து ஒட்டிய வேலையா என்பது அங்கே தெரிந்துவிடும். பலகையின் ஓரத்தில் ரேகை மேலிருந்து பக்கவாட்டிலும் தொடர்ந்தால் அது முழுமரம். ஓரத்தில் கோடு போட்டாற்போல் நின்றுவிட்டால் மேலே ஒட்டிய மெல்லிய தோல்தான். சிறு துளைகள் தெரிந்தால் சாமானைத் தரையில் லேசாகத் தட்டுங்கள்: மாவு போல் புதுத்தூள் உதிருமானால் உளு இன்னும் உள்ளே குடியிருக்கிறது. அதன்மேல் இரக்கம் காட்டலாகாது; வீட்டிலுள்ள மற்ற மரங்களுக்கும் அது பரவும்.

உலோகத்தில் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் உள்ள வேற்றுமையைக் காது அறியும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் 'கணீர்' என்று ஒலித்து, அந்த நாதத்தை எளிதில் விடாது. பித்தளையின் குரல் சீக்கிரம் அடங்கிவிடும். இரும்பின்மேல் பித்தளை முலாம் பூசியதைச் சட்டைப் பையிலுள்ள காந்தம் ஒரே கணத்தில் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை காந்தத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போய், நான் பெருமையோடு சுமந்து வந்த குத்துவிளக்கு முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடித்த கதையை என் மனைவி இன்றும் விருந்தினருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பாத்திரம் வாங்கும்போது கழுத்தடியைத் துடைத்துப் பாருங்கள். சீர்வரிசைப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது நம் வழக்கமாதலால், ஒரு பெண்ணின் பெயரும் ஒரு தேதியும் அங்கே புலப்படக்கூடும். பெயர் வெட்டிய பாத்திரத்துக்கு விலை குறைவு என்று கடைக்காரர் சொல்வார். ரசிகருக்கோ மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

சட்டமிட்ட பழைய தெய்வப் படங்களுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் முதலானவை, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து அச்சிட்டன. அந்த அச்சில் நிறம் மணல் தூவினாற்போல் ஒழுங்கற்று இருக்கும். பிற்கால ஆப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான இடைவெளியில் வட்ட வட்டமாக அணிவகுத்து நிற்கும். இரண்டும் சுவரில் அழகாகவே இருக்கும். ஆனால் இரண்டாவதற்கு முதலாவதன் விலையைக் கொடுக்கலாகாது.

விலையைப் பற்றி ஒரு சூட்சுமம். காயலான் கடையில் பித்தளையை நிறுத்து விற்கிறார்கள். அலங்காரக் கடையிலோ அதே பித்தளையை 'ஆன்டிக்' என்று பெயரிட்டு விற்கிறார்கள். கண் தெளிந்தவர் முதற்கடைக்குப் போவார். செட்டிநாட்டு வீடுகள் பிரிந்தபோது வெளிவந்த பர்மாத் தேக்குக் கதவுகளையும், சுவீடன், ஜப்பான் முதலிய தேசங்களிலிருந்து வந்த எனாமல் அடுக்குகளையும் காண விரும்புவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய்வருவது நலம். வாங்காமல் திரும்பினாலும், கண்ணுக்கு அளவுகோல் ஒன்று கிடைக்கும். வாய் சில்லுப் பெயர்ந்த எனாமல் பாத்திரத்தில் உணவு வைக்க வேண்டாம்; பழைய வண்ணங்களில் நச்சு உலோகம் கலந்திருக்கக்கூடும். துளசி வைப்பதற்கு அதைவிடச் சிறந்த தொட்டி கிடையாது.

கடல் கடந்து வந்த பலகை

நமது பிரதேசத்துக்கே உரிய பழம்பொருள் ஒன்று உண்டு. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கப்பலில் வரும் எந்திர உறுப்புகளைத் தாங்கி வந்து, பாரம் இறங்கியதும் பயனற்றுப்போகும் மரத்தட்டுகள். 'பேலட்' என்று தொழிலாளர் சொல்வது. பெரும்பாலும் பைன் மரம். வெளிர்நிறம், நேரான ரேகை, அங்கங்கே கண்கள். அவற்றின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் சின்னத்தோடு ஒரு முத்திரை சுட்டிருக்கும். மரத்தோடு பூச்சிகள் தேசம் விட்டுத் தேசம் போகாதிருக்க ஏற்பட்ட சர்வதேச விதியின் அடையாளம் அது. முதலில் இரண்டெழுத்தில் நாட்டின் பெயர், ஓரத்தில் எச்.டி. என்ற எழுத்துக்கள் இருந்தால் மரத்தை வெப்பத்தால் சுத்தி செய்திருக்கிறார்கள்; எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுவாயுவால். முன்னதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பின்னதையும், எண்ணெய்க் கறை ஊறியதையும் வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

என் புத்தக அலமாரி அத்தகைய பலகைகளால் ஆனது. தச்சர் அதை இழைக்கும்போது முத்திரையிருந்த பலகையை மாத்திரம் இழைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். எங்கோ குளிர்நாட்டில் வளர்ந்த மரம், கார் உறுப்புகளைச் சுமந்துவந்து, இப்போது என் வீட்டில் புத்தகங்களைச் சுமக்கிறது. சுமப்பது மாறவில்லை, சுமை மாறிற்று.

ஜீர்ணோத்தாரணம்

பழையதைப் புதுப்பிக்கும் விதிக்கு நல்ல உதாரணம் எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம் என்பவர், 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, மறைமலை என்று தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, பொருளில் ஓர் அணுவும் குறையவில்லை. அவர் நெடுங்காலம் வாழ்ந்ததும் அந்தப் பல்லாவரத்திலேதான். வடசொல் விரவிய இந்த நடையை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அதை நினைத்து இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது! ஆயினும் மேற்பூச்சை மாற்றலாம், உட்பொருளை மாற்றலாகாது என்ற அவர் பெயரின் பாடத்தை நான் காலந்தாழ்த்தியே கற்றேன். அதற்கு முன், பத்திரிகையில் கண்ட நாகரிகத்தைப் பின்பற்றி, நல்ல தேக்கு முக்காலி ஒன்றுக்கு வெள்ளை எனாமல் அடித்துவிட்டேன். அதன் ரேகை போயிற்று, தேய்வு போயிற்று, மிஞ்சியது மூன்று கால்களுள்ள ஒரு வெள்ளைப் பொருள்.

மரத்துக்கு ஈரத்துணியால் துடைப்பும், உலர்ந்தபின் மெல்லிய உப்புத்தாளும், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷும் போதும். பித்தளைக்குப் புளியும் சாம்பலும் போதும். புளியிலுள்ள அமிலம் கறையைக் கரைத்துவிடும். அதிலும் மேடுகளைத் துலக்கிப் பள்ளங்களில் கருமையை விட்டுவைத்தால், சித்திர வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும்.

இடம் கொடுத்தல்

பத்துப் பழம்பொருளை ஓரிடத்தில் குவித்தால் அது மறுபடியும் சந்தை. ஒன்றைத் தனியே வைத்து, பக்கத்துச் சுவரை வெறுமையாக விட்டு, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி செய்தால் அது வீடு. முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தக்ஷிணசித்ராவில், பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பிய பழைய வீடுகளுக்குள் நுழைந்து பாருங்கள். மாடத்தில் ஒரு விளக்கு, திண்ணையில் ஒரு தூண், மற்றபடி வெற்றிடம் என்பது நம் முன்னோரின் அலங்கார சாஸ்திரம் என்று விளங்கும். பொருளுக்குக் கொடுக்கும் புதுவேலை பழைய வேலைக்கு உறவாகவும் இருக்கட்டும்: நீர் ஏந்திய அண்டா, மலர் மிதக்கும் நீரை ஏந்தலாம், ஊஞ்சல் பலகை, உட்காரும் பெஞ்சு ஆகலாம். தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புக் கால்கள் எழுதுமேஜையைத் தாங்கினால், எழுதுகிறவர் கால் தானாகவே மிதியைத் தேடும்.

ஓர் எச்சரிக்கை. நூறாண்டு கடந்த சிற்பமும் ஓவியமும் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. உரிமம் இல்லாதவர் அவற்றை வியாபாரமாக விற்கலாகாது. யாரேனும் தெய்வ விக்கிரகம் ஒன்றைத் துணி விலக்கி ரகசியமாகக் காட்டினால், அது ஏதோ ஒரு சந்நிதியில் இன்னும் வேலை பாக்கியுள்ள பொருள் என்றெண்ணி விலகிவிடுங்கள்.

என் படி இப்போது எழுதுமேஜைமேல் பேனாக்களையும் பென்சில்களையும் தாங்கி நிற்கிறது. சென்ற தை மாதத்தில் எதிர்வீட்டுப் பாட்டி பொங்கல் கொண்டுவந்தவர், பேசிக்கொண்டே அதைக் கையிலெடுத்தார். பென்சில்களை மேஜைமேல் கவிழ்த்தார். இடக்கையில் படியை ஏந்தி, வலது உள்ளங்கையை விளிம்பின்மேல் வைத்து, இல்லாத அரிசியை ஒரு வழி வழித்தார். கை சென்று முடிந்த இடம், அந்தத் தேய்ந்த இடம்.

"முழுப்படிதான்" என்றார் பாட்டி.