சொல்லாமல் விட்ட கட்டங்கள்

படக்கதையின் சுவை படத்தில் பாதி, வசனத்தில் பாதி என்று பொதுவாகச் சொல்வதுண்டு. கூர்ந்து பார்த்தால் அது இரண்டிலும் இல்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு பெண் கடிதத்தைப் பிரிக்கிறாள். அடுத்த கட்டத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஓவியர் காட்டவில்லை. ஆனாலும் படிப்பவருக்கு நெஞ்சு திக்கென்கிறது. ஓவியர் வரையாமல் விட்டதை வாசகரே வரைந்துகொள்கிறார். அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்லவுட், படக்கதையைப் பற்றிப் படக்கதையாகவே 1993இல் வெளியிட்ட நூலில், கட்டங்களுக்கு இடையிலான இந்த வெற்றிடத்தைத்தான் இக்கலையின் மையமாக வைத்து விளக்கினார்.

பல படங்கள் வரிசையாக இருந்தால் மட்டும் அது படக்கதை ஆகிவிடாது. இந்த வேறுபாட்டைக் காஞ்சிபுரத்தில் ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடலாம். பிள்ளையார்பாளையத்தை ஒட்டி, ஊரின் மேற்குப் பக்கம் நிற்கிறது கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் எழுப்பியது. திருச்சுற்றின் மதிலை ஒட்டி 58 சிறு சன்னதிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. சிலவற்றில் பழைய வண்ண ஓவியத்தின் துணுக்குகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரே அவற்றைக் கண்டறிந்தார். ஒவ்வொரு சன்னதியும் அதனதன் அளவில் முழுமையானது, தனியாக நின்று பார்க்க வேண்டியது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காலம் நகர்வதில்லை. உலகின் எந்தச் சிற்பத் தொகுதிக்கும் ஈடாக நிற்கக்கூடிய வரிசை அது. ஆனால் படக்கதை அல்ல.

அதே ஊரில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வைகுந்தப் பெருமாள் கோயில் வேறு வகை. திருமங்கையாழ்வார் பரமேச்சுர விண்ணகரம் என்று பாடிய தலம் இது. கட்டியவன் 731 வாக்கில் அரியணை ஏறிய இரண்டாம் நந்திவர்மன், அதாவது பல்லவமல்லன். சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மாளிகையின் சுவரில், மேலும் கீழுமாக இரண்டு வரிசையில், பல்லவர் குலக் கதை முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருமாலில் தொடங்கிப் பிரமன், பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என்று புராண முன்னோர் வழியாக இறங்கி, காஞ்சியை ஆண்ட அரசர்களுக்கு வந்து சேர்கிறது. முடிசூட்டு, படையெடுப்பு, யானைப் போர், மறுபடியும் முடிசூட்டு. அரியணையில் ஒருவர் அமர்ந்திருக்க, இரு பக்கமும் நிற்பவர்கள் அவரைக் குடநீரால் ஆட்டும் காட்சி பலமுறை வருகிறது. உருவங்கள் சிறியவை, மழுங்கிப்போனவை. தனியாக எடுத்துப் பார்த்தால் கைலாசநாதர் கோயில் சிற்பங்களின் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் பார்ப்பவர் நடக்க நடக்க ஆட்சிகள் மாறுகின்றன. ஒரு முடிசூட்டுக்கும் அடுத்த முடிசூட்டுக்கும் நடுவில் ஒரு வாழ்நாள் கழிந்துவிடுகிறது. அந்த வாழ்நாளைச் சிற்பி செதுக்கவில்லை.

இந்தச் சுவரின் உச்சக்கட்டம் நந்திவர்மனின் வருகை. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின், அமைச்சரும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் ஊர்ப் பெருமக்களும் பல்லவர் குலத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் அரசன் வேண்டுமென்று கேட்கிறார்கள். அவனுடைய நான்கு மகன்களில் ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் மறுக்க, பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி பல்லவமல்லன் தான் போவதாகச் சொல்கிறான். தகப்பன் தயங்குகிறான், தரணிகொண்டபோசர் என்பவர் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைக்கிறார். மலையும் ஆறும் காடும் கடந்து சிறுவன் காஞ்சிக்கு வந்து சேர்கிறான். இந்தப் பகுதிக்கு மட்டும் சிற்பங்களையொட்டி விளக்கக் கல்வெட்டு உண்டு. இன்னார் இன்னது செய்த இடம் என்று காட்சியைச் சுட்டிக்காட்டும் பாங்கில் எழுதப்பட்டது. பெரும்பாலான மற்றக் காட்சிகளுக்கு எழுத்தே இல்லை. முதல் பெண் வரலாற்றறிஞர்களில் ஒருவரான சி. மீனாட்சி இந்தத் தொடரைக் காட்சி காட்சியாக அடையாளம் கண்டு எழுதிய ஆய்வு, அவர் மறைந்த பிறகு 1941இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. எழுத்தில்லாத காட்சிகளுக்கு முன்பின் காட்சிகளை வைத்தே அவர் பொருள் கண்டார். படக்கதை வாசகர் செய்வதும் இதுதான்; அவர் செய்த அளவுக்குப் பொறுமையாகச் செய்பவர் குறைவு.

கட்டம் கட்டமாக வாசிப்பது பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்குப் புதிதில்லை. சேலையின் பார்டரிலோ முந்தியிலோ ஓர் அன்னமோ யாளியோ வர வேண்டுமானால், முதலில் அது கிராப் தாளில் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு வரிசைக் கட்டம் ஓர் ஊடைக்கு. அந்த வரிசைக்கு ஓர் அட்டை. நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் துளை விழும், ஜக்கார்டு அந்த இழையைத் தூக்கும். நிரப்பாத கட்டத்தில் இழை கீழேயே கிடக்கும். அன்னத்தின் கழுத்து வளைவு இரண்டு வகைக் கட்டமும் சேர்ந்து செய்த வேலை. விட்ட கட்டத்துக்கும் வேலை உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு நல்ல படக்கதையை இனங்காணும் கண் பாதி வந்துவிட்டது எனலாம்.

அச்சில் தமிழ்ப் படக்கதையின் நீண்ட ஆயுள் ‘கன்னித்தீவு’க்கு உரியது. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய தினசரித் தொடர், முடியாத எதற்கும் உவமையாகப் பேச்சு வழக்கிலேயே ஏறிவிட்டது. வாண்டுமாமா எழுதி செல்லம் வரைந்த கதைகள் இன்னொரு செல்வம். இளம் வாசகர் கூட்டத்தைப் பெரிய அளவில் உருவாக்கியது சிவகாசி. அங்கிருந்து 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் புறப்பட்டது, 1984இல் லயன் காமிக்ஸ் சேர்ந்தது. அதே ஆண்டு ராணி காமிக்ஸும் வந்தது.

மாயாவி ஏன் அப்படிப் பிடித்துப்போனார் என்பதற்குக் கதையைவிடப் படத்தில்தான் விடை இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அந்தக் காட்சிகளைக் கறுப்பும் வெள்ளையுமாக, நிழல் கனத்த அறைகளில் வரைந்தார். மேசைக்கு மேல், கதவுப் பிடிக்கு அருகில், அந்தரத்தில் ஒரு கை. அந்தக் கையின் சாய்வை மட்டும் வைத்து ஆள் குனிந்திருக்கிறாரா, ஓடுகிறாரா, திரும்பிப் பார்க்கிறாரா என்று படிக்கும் சிறுவனே முடிவு செய்துகொள்கிறான். முழு உடலையும் வரைந்திருந்தால் இத்தனை விறுவிறுப்பு வந்திருக்காது.

‘இரத்தப் படலம்’ இதே வித்தையைக் கதையின் முதுகெலும்பாகவே வைத்துக்கொண்டது. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியத் தொடர். கழுத்தெலும்புக்கு அருகில் பதின்மூன்று என்ற ரோமன் எண் பச்சை குத்திய ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான். தன் பெயர்கூட நினைவில் இல்லை. தொலைந்த கட்டங்களைத் தேடுவதுதான் அவன் வாழ்க்கை, அதுவே வாசகரின் வேலையும். தமிழில் தவணை தவணையாக ஆண்டுக்கணக்கில் வந்து, 2010இல் கனத்த கறுப்பு வெள்ளைத் தொகுப்பாகச் சேர்ந்தது. ஒரே மூச்சில் படிக்கும்போது வான்ஸின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரிகின்றன. கட்டடம், வாகனம், கடல், பனி எல்லாம் அச்சு அசலாக இருக்கும். முகங்களில் உணர்ச்சி குறைவு. நினைவிழந்தவனின் கதைக்கு அந்த இறுகிய முகம் பொருந்திப்போனது இத்தொடரின் நல்ல காலம்.

பெரியவர்களுக்கான படநாவல் என்ற வகை தமிழுக்கு வந்தபோது வந்த நூல்களில் முதன்மையானது மர்ஜானே சத்ரபியின் ஈரான் நினைவுகள். கோவை விடியல் பதிப்பகம் தமிழில் கொண்டுவந்தது. மேலோட்டமாகப் புரட்டுபவருக்கு அந்த ஓவியம் பள்ளிப் பிள்ளை வரைந்ததுபோல் தோன்றும். தட்டையான கறுப்பு, தட்டையான வெள்ளை, நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. ஆனால் முதல் பக்கத்தையே நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் 1980ஆம் ஆண்டு, பத்து வயதுச் சிறுமி, தலையில் முக்காடு, கை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். அடுத்தது வகுப்புப் புகைப்படம்: அதே முக்காட்டில் தோழிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் ஓரத்தில் கட்டத்தின் விளிம்புக்கு வெளியே வெட்டுப்பட்டுப் போகிறாள். ஒரு நாடு ஒரு குழந்தையை எப்படித் தன் படத்திலிருந்து தள்ளியது என்பதை இரண்டே கட்டங்களில் சொல்லியாகிவிட்டது. பின்னால் வரும் போர், சிறை, புலம்பெயர்தல் எல்லாவற்றுக்கும் இந்த விளிம்பே வித்து. திறமையான கோடுகள் நிறைந்த ஆயிரம் பக்கங்கள் செய்யாததை இந்த எளிய கோடு செய்கிறது. கோட்டின் நேர்த்தியை வைத்து மட்டும் படக்கதையை எடைபோடும் பழக்கம் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

‘பீமாயணம்’ இந்த வாதத்தை எல்லாம் மறுத்து நிற்கும் நூல், அதனாலேயே இரண்டு முறை படிக்க வேண்டியது. அம்பேத்கரின் வாழ்க்கையிலிருந்து தண்ணீர், தங்குமிடம், பயணம் என்ற மூன்று அனுபவங்களை எடுத்துக்கொண்டது. 2011இல் நவயானா வெளியிட்டது. தமிழில் காலச்சுவடு கொண்டுவந்தது. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். ஓவியம் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு கலைஞர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று இந்தத் தம்பதி கட்டங்களையே மறுத்துவிட்டார்கள். கட்டம் இருக்க வேண்டிய இடத்தில், கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் இடும் திக்னா என்ற கோலப்பட்டை வளைந்து வளைந்து பக்கத்தைப் பிரிக்கிறது. தீண்டாமையைச் சுவரெழுப்பும் வழக்கமாகக் காட்டும் கதையில், ஓவியம் ஒரு சுவரைக்கூட எழுப்பவில்லை.

பேச்சுக் குமிழ்களைப் பார்க்க வேண்டும். மென்மையாகப் பேசுபவரின் சொற்கள் பறவை வடிவில் இருக்கின்றன. சாதி வெறியோடு பேசுபவரின் குமிழுக்குத் தேளின் கொடுக்கு முளைத்திருக்கிறது. மனத்துக்குள் நினைப்பதற்கு ஒரு கண் அடையாளம். பள்ளியில் தாகத்தோடு நிற்கும் சிறுவன் பீமனுக்கு எதிரே வாத்தியார் பேசும்போது, என்ன சொல்கிறார் என்று படிப்பதற்கு முன்பே அந்தக் கொடுக்கு கொட்டிவிடுகிறது. ரயில் பாம்பாக நெளிகிறது, கருவிகளுக்கும் உயிர் இருக்கிறது. கண் எங்கே தொடங்கி எங்கே போவது என்று முதலில் திணறும். அந்தத் திணறலே நிதானத்தைக் கற்றுக்கொடுக்கிறது. குறை ஒன்று உண்டு: இன்றைய காலத்தில் பேருந்து நிறுத்தத்தில் இருவர் இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும் இணைப்புப் பகுதியில் விளக்கம் கூடிவிட்டது, அங்கே படம் வசனத்துக்குக் காவல் நிற்கிறது. மற்றப்படி அண்மைக் காலத்தில் இந்தியாவில் வந்த படநூல்களில் இதற்கு நிகரானது அரிது.

மொழிபெயர்ப்புக் காமிக்ஸின் தீராத சிக்கல் குமிழின் அளவு. பிரெஞ்சு வசனத்துக்கோ இத்தாலிய வசனத்துக்கோ அளந்து வரைந்த வெள்ளை வட்டத்துக்குள் தமிழ் வாக்கியம் உட்கார வேண்டும். கொம்பும் சுழியும் கூடுதல் இடம் கேட்கும். எழுத்தைச் சிறிதாக்கினால் கண் நோகும், குமிழைப் பெரிதாக்கினால் ஓவியம் மறையும். சொல்லைக் குறைப்பதுதான் சரியான வழி. பழைய இதழ்களில் ஓவியம் காட்டுவதையே வசனமும் மறுபடி சொல்லும். துப்பாக்கி நீட்டியவன் துப்பாக்கியை நீட்டுவதாகவே அறிவிப்பான். 2012க்குப் பின் பெரிய அளவில், வண்ணத்தில், நல்ல தாளில் வரும் லயன்-முத்து வெளியீடுகளில் இந்தப் பேச்சு குறைந்திருக்கிறது. ‘மின்னும் மரணம்’ தொகுப்பில் பிரெஞ்சு ஓவியர் ழான் ஜிரோவின் பாலைவனப் பக்கங்கள் வசனமின்றி விரியும் இடங்கள் அதற்குச் சான்று. ஓசைச் சொற்களில் மட்டும் தமிழுக்கு வஞ்சனை இல்லை. ‘டுமீல்’ என்றால் தோட்டா பாய்ந்துவிடுகிறது, ‘சத்’ என்றால் தாடையில் குத்து விழுந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் இன்னும் மாறவில்லை. இரும்புக்கை மாயாவியைத் தெரியாத பழைய வாசகர் கிடையாது. பிளாஸ்கோ என்ற பெயரைக் கேட்டவர் மிகச் சிலர். ‘பீமாயண’த்தின் அட்டையில் ஓவியர்கள் பெயர் இருக்கிறது. தமிழில் படக்கதை வெளியிடும் ஒவ்வொருவரும், கதாநாயகன் பெயருக்கு அடுத்தபடியாக, வரைந்தவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் அட்டையிலேயே தெளிவாக அச்சிட வேண்டும்.