கடன்கோடலும் கடல்கடந்த தொழிலும்: ஒரு மதிப்பீடு

ஒரு கம்பனி தனக்கு வேண்டும் முதலைப் பங்கு விற்றுத் திரட்டினும் கடன்பெற்றுத் திரட்டினும் அதன் மொத்தப் பெறுமதி வேறுபடாது என்பது மொடிக்கிளியானி, மில்லர் என்னும் பொருளியலறிஞர் இருவர் 1958இல் நிறுவிய கொள்கையாகும். குறைபாடற்ற சந்தையொன்றைக் கற்பித்துக்கொண்டே அவர் இம்முடிபு கண்டனர். பின்னர் 1963இல், வட்டிக்கு வரிவிலக்கு உண்டாதலின் கடனால் விளையும் நயம் தாம் முன்னர்க் கணித்ததினும் பெரிது எனத் தாமே திருத்தினர். தம் பிழையைத் தாமே உணர்த்திய நேர்மை போற்றற்குரியது. ஆயினும், கம்பனி ஓர் அரசின் வரிக்கே உட்பட்டது என்னும் எண்ணம் அத்திருத்தத்திலும் எஞ்சி நின்றது.

பல நாடுகளில் தொழில் நடத்தும் கம்பனிக்கு இக்கொள்கை எவ்வளவிற் பொருந்தும்? 2013ஆம் ஆண்டின் முற்பகுதியில் அப்பிள் கம்பனியிடம் ஏறத்தாழ 14,500 கோடி டொலர் பணமும் முதலீடும் இருந்தன. எனினும் அவ்வாண்டு ஏப்பிரல் இறுதியில் அது 1,700 கோடி டொலருக்குக் கடன்முறி வெளியிட்டது. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போலத் தோன்றும் இச்செயலுக்குக் காரணம் உண்டு. அப்பணத்திற் பெரும்பகுதி பிறநாடுகளிற் கிடந்தது. தாய்நாட்டிற்குக் கொணரின் 35 வீதம் வரை வரியிறுக்க வேண்டும். பத்தாண்டுக் கடன்முறிக்கோ வட்டி 2.4 வீதமே. பங்காளர்க்குப் பணம் அளிப்பதற்குக் கடனே மலிவாயிற்று.

இதுகொண்டு, பன்னாட்டுத் தொழில் கடனைப் பெருக்கும் எனப் பொதுவிதி வகுத்தல் தகாது. அமெரிக்கப் பன்னாட்டுக் கம்பனிகள் உள்நாட்டுக் கம்பனிகளினும் குறைந்த கடனுடையன என 1988இல் லீ, குவொக் என்போர் கண்டனர். 2000இல் குவொக்கும் ரீப் என்பவரும் அதனை மேலும் விளக்கினர். உறுதியான பொருளாதாரமுள்ள நாட்டினின்றும் உறுதி குறைந்த நாடுகளுக்குச் செல்லும் கம்பனிக்கு இடர் மிகும், கடன் குறையும். வளர்முக நாட்டினின்றும் உறுதியான நாடுகளுக்குச் செல்வதற்கு இடர் குறையும். கடன் தாங்கும் ஆற்றல் பெருகும். செல்லுந் திசையை நோக்கிய இவ்விளக்கம் ஏற்புடைத்து. எனினும் இடரை மட்டுமே அளக்கும் இக்கோலால் அப்பிளின் செயலை அளத்தல் அரிது.

2017இல் இயற்றிய சட்டம் அமெரிக்கக் கம்பனி வரியை 21 வீதமாகக் குறைத்து, பிறநாட்டு இலாபத்தைக் கொணரும் தடையையும் பெரிதும் நீக்கிற்று. அதன் பின்னரும் அப்பிள் கடன்முறி வெளியிடுதலை விட்டிலது. ஆகவே வரியொன்றே காரணம் என்பாரும் முழுமை கண்டவராகார்.

வட்டிக்குரிய வரிவிலக்கால் இறைவரி குறையுமிடத்து, அக்குறையைப் பிற வரியிறுப்போரே தாங்க நேரும். ஆதலின், யாண்டுக் கடன்பெற்று யாண்டு இலாபங் காட்டப்படுகின்றது என்னும் வினா கணக்காளர்க்கு மட்டும் உரியதன்று. பொருளியல் பயிலும் மாணவர் முதலில் எழுப்புதற்கும் உரியது.