புள்ளிக்கும் ஒரு குரல்

‘பனியன் வந்துவிட்டது’ என்று கரும்பலகையில் எழுதினால் போதும். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு நிறுத்தற்குறி புரிந்துவிடும். முற்றுப்புள்ளி வைத்தால் செய்தி. கேள்விக்குறி வைத்தால் விசாரிப்பு. உணர்ச்சிக்குறி வைத்தால், கெடு தேதிக்குள் சரக்கு சேர்ந்த நிம்மதி!

எழுத்து மாறவில்லை, குரல் மாறுகிறது.

ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் இல்லை. எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில், அச்சுத் தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளை முறையாகக் கையாண்ட முன்னோடி யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதியவரும் அவரே.

எந்தக் குறிக்கு எவ்வளவு நேரம் நிறுத்திப் படிக்க வேண்டும் என்ற மரபுக் கணக்கும் அழகானது: காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு 2, முக்காற்புள்ளிக்கு 3, முற்றுப்புள்ளிக்கு 4. இந்தக் கணக்கில் மாணவர்கள் தங்கள் கட்டுரையை உரக்கப் படித்தால், விட்டுப்போன காற்புள்ளியை மூச்சே காட்டிக்கொடுக்கும்.