பகுதிகளான போர்க்கப்பல்

ஐ.என்.எஸ். கோமதி 1988 ஏப்ரல் 16 அன்று பணியில் சேர்ந்தது. 34 ஆண்டுகள் கழித்து, 2022 மே 28 அன்று மும்பையில் ஓய்வுபெற்றது. அதன் போர்க்கருவிகளை லக்னோவில், கப்பலுக்குப் பெயர் தந்த கோமதி ஆற்றங்கரையில், திறந்தவெளிக் காட்சியாக வைப்பது என்று முடிவானது. 126 மீட்டர் நீளக் கப்பல் அந்த ஆற்றில் ஏறாது. ஆகவே பகுதிகள் மட்டும்.

இந்த முறையை எடுத்த எடுப்பில் ஒதுக்குவது நியாயமாகாது. முழுக் கப்பலைக் கட்டிக்காப்பது பெரும்பாடு. மும்பையில் அருங்காட்சியகமாக நின்ற பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல், பாதுகாப்பில்லை என்று 2012இல் மூடப்பட்டு, 2014இல் உடைக்கப்பட்டது. மாமல்லபுரத்துக்கென்று திட்டமிட்ட வாக்லி நீர்மூழ்கி அங்கே போய்ச் சேரவே இல்லை. தவிர, ஒரு பகுதியே முழுமையைப் பேசவும் கூடும். மதுரை காந்தி அருங்காட்சியகத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த ஆடையின் முன் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிகழ்வு டெல்லியில், ஆனால் அது முழுவதும் அத்துணியிலேயே பதிந்திருக்கிறது.

கோமதியின் கருவிகளுக்கு அந்தத் தன்னிறைவு இல்லை. கோமதி சேர்ந்த கோதாவரி வகைக் கப்பல்களின் சாதனையே இணைப்பில்தான் இருக்கிறது: சோவியத் ஏவுகணை, இத்தாலியக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தியாவில் உருவான சோனார், இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்கள். ஒன்றோடொன்று பேசாத இவற்றை ஒரே உடலுக்குள் பேச வைத்தார்கள் நம் வடிவமைப்பாளர்கள். பிரித்து வைக்கும்போது அழிவது சரியாக அந்தச் சாதனைதான். மிஞ்சுவது பெயர்ப் பொருத்தம்.

விசாகப்பட்டினக் கடற்கரையில் 2002 முதல் நிற்கும் குர்சுரா நீர்மூழ்கி இதற்கு நேர்மாறு. வட்டக் கதவுகளில் குனிந்து நுழையும்போதே, எழுபதுக்கும் மேற்பட்டோர் அந்த 91 மீட்டருக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது உடம்புக்குப் புரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பேட்ஃபிஷ் நீர்மூழ்கி 1972இல் ஆர்கன்சா ஆற்றின் வழியாக முழுதாகவே உள்நாட்டுக்கு வந்தது. கப்பல் போக ஆழப்படுத்திய ஆறு அது. 2019 வெள்ளத்தில் பேட்ஃபிஷ் தன் இடத்திலேயே மீண்டும் மிதந்தது! மணலாய்க் கிடக்கும் வைகையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தச் செய்தியில் பொறாமைதான் மிஞ்சியது.

எல்லா ஆறும் அப்படி வாய்க்காது என்பதை ஏற்கிறேன். ஆயினும், புல்தரையில் பரப்பிய கருவிகள் நினைவுச்சின்னமாகத் தேறும், அருங்காட்சியகமாகத் தேறா. தேற வேண்டுமானால், போர்க் கட்டுப்பாட்டு அறை ஒன்றையாவது திரைகளும் இருக்கைகளும் கம்பிவடங்களும் இருந்த இடத்திலேயே இருக்க, கூரையின் கீழ் முழுதாக நிறுத்த வேண்டும்.