விடுபட்ட சொல்

ஒரு நூலை விமரிசனம் செய்கிறவன் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. இருந்திருக்க வேண்டிய எது இல்லாமல் போயிற்று என்றும் பார்க்க வேண்டும். நாவலுக்கு இது பொருந்தும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சட்டத்துக்கும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். யூத துவேஷத்தை ஒழிக்க உலகம் செய்த முயற்சிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பிரதிகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று நாடகம், மற்றது சர்வதேச ஒப்பந்தம். இரண்டுக்கும் நடுவே பத்து வருஷங்கள். ஆனால் இரண்டிலும் நேர்ந்த பிழை ஒன்றுதான்.

நாடகத்தை முதலில் பார்க்கலாம். ஆன் ஃபிராங்க் என்ற பெண் 1942 ஜூலையில், பதின்மூன்றாவது வயதில், ஆம்ஸ்டர்டாமில் தன் தகப்பனாரின் வியாபாரக் கட்டடத்தின் பின்கட்டில் ஒளிந்துகொண்டாள். இரண்டு வருஷங்களுக்கு மேல் அங்கே எட்டுப் பேர் வாழ்ந்தார்கள். 1944 ஆகஸ்டு 4-ந் தேதி பிடிபட்டார்கள். உயிரோடு திரும்பியவர் தகப்பனார் ஒருவர்தான். அவர் 1947-ல் பிரசுரித்த மகளுடைய டைரி, 1955-ல் நியூயார்க்கில் நாடகமாயிற்று; மறு வருஷம் புலிட்ஸர் பரிசும் பெற்றது. ஜெர்மன் மேடைகளிலும் அதே 1956-ல் நடந்தது. ஜெர்மனியர்கள் கைதட்டாமல், பேசாமல், தலைகுனிந்து வெளியேறினார்கள் என்று சொல்லுவார்கள். ஒரு கலைப் படைப்பு இதைவிட என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் டைரியையும் நாடகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சங்கடமாக இருக்கிறது. 1944 ஏப்ரலில் அந்தப் பெண், யூதர்கள் மட்டும் ஏன் இப்படிப் பிரித்து வைக்கப்பட்டோம் என்று கேட்கிறாள். யூதர்களாகவே இருப்போம், இருக்கவும் விரும்புவோம் என்று முடிவு செய்கிறாள். நாடகத்தில் அவள் வேறு மாதிரி பேசுகிறாள். நாம் மட்டுமா கஷ்டப்பட்டோம், ஒரு சமயம் ஒரு ஜாதி, இன்னொரு சமயம் இன்னொரு ஜாதி என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறாள். மனிதர்கள் உள்ளூர நல்லவர்கள் என்று அவள் எழுதியதை எடுத்து நாடகத்தின் முடிவில் வைத்தார்கள். அந்த வாக்கியத்தை அடுத்து அவள் எழுதியிருந்த நெருங்கிவரும் இடி முழக்கத்தை விட்டுவிட்டார்கள்.

செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லோருக்கும் பொதுவான நாடகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இங்கேதான் எனக்கு அபிப்பிராய பேதம். பொதுமை என்பது தனித்தன்மையைச் சுரண்டி எடுத்துவிட்டால் கிடைக்கிற மிச்சம் அல்ல. அந்தப் பெண் மனித குலத்தின் பிரதிநிதி என்பதற்காகச் சாகடிக்கப்படவில்லை. யூதப் பெண் என்பதற்காகவே சாகடிக்கப்பட்டாள். அதை மங்கலாக்கினால் பார்க்கிறவன் கண்ணீர் விடுவான். யார் செய்தது, ஏன் செய்தது என்று கேட்கமாட்டான். 1997-ல் நாடகத்தைத் திருத்தி மேடையேற்றியவர்கள் விட்டுப்போன விஷயங்களில் பலவற்றைத் திரும்பச் சேர்த்தார்கள். நாற்பது வருஷங்களுக்குப் பிறகாவது அது நடந்தது.

இனி ஒப்பந்தம். 1959 கிறிஸ்துமஸ் இரவில் கொலோன் நகரில், புதுப்பித்துத் திறந்து சில மாதங்களே ஆகியிருந்த யூதர் கோவிலின் மீது இரண்டு இளைஞர்கள் ஸ்வஸ்திகா வரைந்தார்கள். சில வாரங்களுக்குள் அந்தச் சின்னம் பல நாடுகளின் சுவர்களில் முளைத்தது. மேற்கு ஜெர்மனி 1960-ல் தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு சாராருக்கு எதிராக ஜனங்களைத் தூண்டிவிடுவதைக் குற்றமாக்கியது. விஷயம் ஐக்கிய நாடுகள் சபைக்கும் போயிற்று. அங்கே ஆரம்பித்த விவாதம், 1965 டிசம்பரில், எல்லாவித இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமாக முடிந்தது.

அந்த ஒப்பந்தத்தை ஒரு வாசகனாக முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். தென் ஆப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிமுறைக்கு அதில் பெயர் சொல்லிக் கண்டனம் இருக்கிறது; அது நியாயமானதே. ஆனால் எந்தத் துவேஷத்தின் காரணமாக விவாதமே தொடங்கிற்றோ, அதன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அமெரிக்கா அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்றது. அப்படியானால் ஜியோனிஸத்தையும் கண்டிக்க வேண்டும் என்றது சோவியத் ரஷ்யா. சண்டை முற்றவே, எந்தப் பெயரும் வேண்டாம் என்று சமரசம் செய்துகொண்டார்கள். பிறந்த குழந்தையின் ஜாதகத்தில் தாயின் பெயரை எழுதாமல் விட்ட மாதிரிதான் இது.

பிறகு வந்தவர்கள் இந்தக் குறையை உணராமல் இல்லை. நாஜிப் படுகொலை நடக்கவே இல்லை என்று மறுப்பதை பிரான்ஸ் 1990-லும் ஜெர்மனி 1994-லும் குற்றமாக்கின. 2000-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகள் அந்த வரலாற்றைப் பள்ளிகளில் போதிப்பதாக உறுதி எடுத்தன. ஆஷ்விட்ஸ் முகாம் விடுதலையான ஜனவரி 27-ஐ நினைவு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2005-ல் ஏற்றது. 2016-ல் யூத துவேஷத்துக்கு ஒரு விளக்கமே பதினொரு உதாரணங்களோடு எழுதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவற்றில் ஏழு இஸ்ரேலைப் பற்றியவை. அந்த விளக்கத்தின் மூல வாசகத்தை எழுதுவதில் முக்கியப் பங்கெடுத்த கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்க அதைச் சட்டமாக உபயோகிக்கக் கூடாது என்று எச்சரித்தார். முன்பு சொல்லை விட்டதால் வந்த வம்பு. இப்போது சொல்லை எதுவரை நீட்டுவது என்பதால் வந்த வம்பு. சொற்களோடு மல்லாடுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனை அது தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கும். ஆனால் அவன் மனத்துக்குள் அதனால் நுழைய முடியாது. அதற்குப் படிப்பு வேண்டும். எந்த மாதிரிப் படிப்பு என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லி முடிக்கிறேன்.

1958-ல் ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரில் இதே நாடகம் நடந்தபோது, எல்லாம் புளுகு என்று சில இளைஞர்கள் கூச்சல் போட்டார்கள். ஒரு பையன், அவளைக் கைது செய்தவனைக் காட்டினால் நம்புகிறேன் என்று சொன்னதாக சைமன் வீசென்டால் எழுதியிருக்கிறார். வீசென்டால் தேடினார். ஐந்து வருஷங்கள் கழித்து ஆள் அகப்பட்டான். கார்ல் ஸில்பர்பௌவர் என்ற அவன், வியன்னாவில் போலீஸ் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தான். கைது செய்த அன்று, நகைகளை அள்ளிப்போட ஒரு பை வேண்டும் என்று, டைரித் தாள்களைத் தரையில் கொட்டியவன் அவன்தான்.

டைரியைப் படித்தாயா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டார். போன வாரம்தான் வாங்கினேன், என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை என்றான்.

இருக்க நியாயமில்லை. அவன் வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே டைரி நின்றுவிட்டது. ஆனாலும் அவன் செய்த காரியம் ஒரு வாசகன் செய்ய வேண்டிய காரியம்தான்: புத்தகத்தில் தன்னைத் தேடினான். தேடத் தெரிந்த அளவுக்கு அவனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அந்த எட்டுப் பேர் எந்தக் காலடி ஓசைக்கு ஒவ்வோர் இரவும் நடுங்கினார்களோ, அது அவனுடைய காலடிதான். பக்கத்துக்குப் பக்கம் அவன் இருக்கிறான். அந்தப் பெண்ணுக்காக அழச் சொல்லிக்கொடுப்பது சுலபம். அந்தக் காலடி ஓசையில் தன் காலடியும் கேட்கிறதா என்று காது கொடுக்கச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம்தான் இந்த விஷயத்தில் உண்மையான பள்ளிக்கூடம்.